மே மாசமும் வீட்டுப் பள்ளியும்: மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் புதுசா வந்தவங்களுக்கு

போன வாரம் புதுசா வந்த ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "அக்கா, மே பிறந்திடுச்சு. நம்ம ஊர் தமிழ்நாட்டுல எல்லாப் பிள்ளைங்களுக்கும் லீவு. நான் வீட்ல நடத்துற பாடத்தை நிறுத்தணுமா, ஓட்டணுமா?" பதில் எழுத உட்கார்ந்தா நீண்டுக்கிட்டே போகுது. அதனால துண்டு துண்டா போடுறேன், பொறுத்துக்கோங்க.

நாங்க கோயம்புத்தூர். வந்து மூணு வருஷம் ஆச்சு. வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில வேலை (எண்ணெய்ப்பனையை இங்க செம்பனைன்னுதான் சொல்வாங்க). பிள்ளைங்க மூணு பேர்: 13, 10, 6. பக்கத்து நகரம் ஈப்போவுல இருக்கிற பள்ளி வரைக்கும் தினம் கொண்டுபோய் விட்டு, அந்தப் பள்ளிக் கட்டணத்தையும் கட்ட முடியாதுன்னு வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். பெரிய கொள்கை எல்லாம் கிடையாது.

தங்கச்சிக்கு நேரா பதில்: இங்க கோடையே கிடையாது. கோடை லீவுங்கிற கணக்கை முதல்ல மறந்திடுங்க. நான் மறக்காம பட்ட பாடு இருக்கே.

முதல் வருஷம் மே முதல் தேதி ஃப்ரிட்ஜ் கதவுல அட்டவணை ஒட்டினேன். பதினோரு மணியிலிருந்து நாலு வரை யாரும் வெளியே போகக் கூடாது, நாலு மணிக்கு மேல விளையாட்டு. அசல் கோவை வெயில் கணக்கு. இங்க ஏப்ரல், மே மாசத்துல காலை பளிச்சுனு இருக்கும், மத்தியானம் புழுங்கும், மூணு நாலு மணிக்கு இடியோட கொட்டும். நான் கரெக்டா அந்த நேரத்துக்குப் பிள்ளைங்களைத் திடலுக்கு அனுப்பியிருக்கேன்! அஞ்சாவது நாள் மின்னல் ஒண்ணு வெட்டுச்சு பாருங்க, ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்தேன். வாசல் தகரக் கூரை அடியில தலை சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டே பெரியவன் மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணிக்கிட்டு இருந்தான். நாலு எண்ணறதுக்குள்ள இடி. ஒலி செகண்டுக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும்னா, மின்னல் ஒண்ணரைக் கிலோமீட்டருக்குள்ள விழுந்திருக்கு. அவன் சந்தோஷமா சொன்னான். எனக்குக் கை நடுக்கம் நிக்கல.

இப்போ எங்க வீட்ல காலை ஏழரையிலிருந்து பத்தரை வரை வெளிவேலை. அப்புறம் குளியல், பாடம். மழை நேரத்துல வாசிப்பு, சின்னவளுக்குத் தூக்கம். தலைகீழா மாத்தினதும் சண்டை பாதி குறைஞ்சது.

ஏழரைன்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு. இங்க ஏழு மணிக்குத்தான் விடியும். ஊர் நினைப்புல ஆறு மணிக்கு எழுப்பினா கும்மிருட்டு. நாம இருக்கிற தீபகற்ப மலேசியாவோட கடிகாரத்தை 1982 ஜனவரி முதல் தேதி அரை மணி நேரம் முன்னாடி தள்ளி, போர்னியோ தீவுல இருக்கிற சபா, சரவாக் மாநிலங்களோட ஒரே நேரமாக்கிட்டாங்க. இந்திய நேரத்துக்கு இது ரெண்டரை மணி நேரம் முன்னாடி. மே மாசம் ஊர்ல இணையவழி வகுப்புகளுக்கு நிறைய விளம்பரம் வரும், ஆசைப்பட்டுப் பணம் கட்டிடாதீங்க. அங்க சாயங்காலம் ஆறு மணிப் பாட்டு வகுப்பு இங்க ராத்திரி எட்டரை. என் கடைசிப் பொண்ணு "ச ரி க ம" சொல்லிக்கிட்டே மேசையில சாய்ஞ்சு தூங்கிட்டா. அங்க காலை எட்டு மணி வகுப்பா இருந்தா மட்டும் சேருங்க, இங்க பத்தரைக்கு வரும்.

சட்டம் பத்தி ரெண்டே வரி. 2003-லிருந்து தொடக்கக் கல்வி இங்க கட்டாயம். அது மலேசியக் குடிமக்களுக்கானது. கணவனோ மனைவியோ இந்த நாட்டுக் குடிமகனா இருந்தா, வீட்ல வச்சுப் படிக்க வைக்கிறதுக்கு முன்னாடி கல்வி இலாகாவுல விலக்குக் கேட்டு எழுதணும். சார்ந்தோர் விசாவுல (வேலைக்கு வந்தவரோட குடும்பத்துக்குக் கொடுக்கிறது) வந்த எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அது பொருந்தாது. ஆனா எந்தப் பாடத்திட்டம், எங்க பரீட்சை எழுதப் போறோம்கிறதைப் பத்து வயசுக்குள்ள முடிவு பண்ணிடுங்க. நாங்க தாமதம் பண்ணி இப்போ முழிக்கிறோம்.

அடுத்தது தண்ணி டிரம். இதைக் கட்டாயம் படிங்க. ஊர்ல மே வந்தா தண்ணி பிடிச்சு வைக்கிற பழக்கம் நமக்கு ரத்தத்துல ஊறினது. இங்க வந்ததும் பின்கட்டுல ஒரு நீல டிரம் வாங்கி நிரப்பி வச்சேன். குழாய்ல எப்பவும் வருதுதான், ஆனாலும் மனசு கேக்கல. மூடி சரியா பொருந்தாது. ஒரு நாள் சுகாதார இலாகா ஆளுங்க தெருவோட சோதனைக்கு வந்தாங்க. ஒருத்தர் டார்ச் அடிச்சு, ஒரு வெள்ளைக் கரண்டியால தண்ணியை மொண்டு என் கிட்ட காட்டினார். நூல் மாதிரி நெளியுது, கரண்டியைத் தட்டினா கீழே ஓடி ஒளியுது. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவோட புழு. கோர்ட்டுக்குப் போகாம அங்கேயே 500 வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாமாம், ரிங்கிட்டை இங்க வெள்ளின்னு சொல்றாங்க. அன்னைக்கு எச்சரிக்கையோட விட்டாங்க, அது என் அதிர்ஷ்டம். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு, கூரை ஓரத் தகரக் கால்வாய் எல்லாத்தையும் வாரம் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்க. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். எங்க வீட்ல இது நடுப் பையனோட சனிக்கிழமை வேலை. அவன் நோட்டுல எழுதி வைக்கிறான், அறிவியல் கணக்குல சேர்த்துட்டேன்.

இனி நல்ல விஷயம். பாடப் புத்தகத்தை விட இந்த ஊர் அதிகம் சொல்லித் தருது.

எங்க தாமான்ல (குடியிருப்புப் பகுதியை இங்க அப்படித்தான் சொல்வாங்க) எதிர்வீட்டுப் பாட்டி அந்தக் காலத்துல ரப்பர், செம்பனைத் தோட்டத்துல வேலை பார்த்தவங்க. வந்த புதுசுல காலையில "பசியாறியாச்சாம்மா?"ன்னு கேட்டாங்க. "பசிக்கல பாட்டி"ன்னு சொல்லிட்டேன். முகம் வாடிப் போச்சு. இங்க பசியாறுறதுன்னா காலைச் சாப்பாடு, அப்புறம்தான் தெரிஞ்சது. அதே மாதிரி "தண்ணி குடிக்கிறியா"ன்னா டீயோ காப்பியோ வரும். பச்சத் தண்ணின்னு கேட்டாதான் தண்ணி. கித்தான்னா ரப்பர், சடக்குன்னா ரோடு, காடின்னா கார். பெரியவன் இந்தச் சொல்லை எல்லாம் ஒரு நோட்டுல சேர்த்துட்டு வரான், எது மலாய்ல இருந்து வந்தது, எது நம்ம ஊர்லயே மறந்து போனதுன்னு. இந்த மே மாசத் தமிழ்ப் பாடம் முழுக்க அதுதான்.

பாட்டி சொன்ன ஒரு வேலை எனக்கே புதுசு. செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூளைக் கையால தூவுற வேலை. மரம் மரமா போய்த் தூவணுமாம், பொம்பளைங்கதான் போவாங்களாம். 1981-ல மகரந்தத்தைத் தானே பூவுக்குப் பூ கொண்டுபோற கேமரூன் நாட்டுக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டதும் அந்த வேலையே இல்லாம போச்சு. பிள்ளைங்க அன்னைக்கே ஆண் பூங்கொத்து ஒண்ணைக் கேட்டு வாங்கிட்டு வந்து உதறினாங்க. வெள்ளைத் துணியில மிளகு சிந்தின மாதிரி வண்டு. சோம்பு வாசம் வேற.

வீட்டுக்காரரோட போய்ப் பழம் வெட்டுறதையும் பார்த்தோம். பழுத்த குலை எதுன்னு கண்டுபிடிக்க அண்ணாந்து பார்க்க வேண்டாம், கீழே உதிர்ந்து கிடக்கிற பழத்தைப் பார்த்தாலே தெரியும். வெட்டின குலையை ஒரு நாளைக்குள்ள ஆலையில ஏத்திடணும், தாமதமானா எண்ணெய்ல புளிப்பு ஏறும். இடையில கம்பத்து மேல மரப்பெட்டி தெரியும், எலி பிடிக்க வளர்க்கிற ஆந்தை வீடு. ஆனா ஒண்ணு, நிர்வாகத்துல கேக்காம தோட்டத்துக்குள்ள பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. நாகப்பாம்பு இருக்கும், வெட்டின மட்டை எந்தப் பக்கம் விழும்னும் சொல்ல முடியாது.

கோலகங்சார் இங்கிருந்து பக்கம். 1877-ல நட்ட ஒன்பது ரப்பர் கன்றுல மிச்சம் நிக்கிற மரம் அங்க இருக்கு. பாட்டியையும் கூட்டிட்டுப் போனோம். தொட்டுப் பார்த்துட்டு, "இதுக்காகவா அந்தக் காலத்துல நான் தினம் காலையில நாலு மணிக்கு எழுந்தேன்"னு சிரிச்சாங்க.

ஜூன் பிறந்தா மழை குறையும், சில வருஷம் இந்தோனேசியாவோட சுமத்ரா தீவுல கரிமண் (செடிகொடி மக்கிச் சேர்ந்த சதுப்பு மண்) எரிஞ்சு புகைமூட்டம் வரும். காற்று மாசுக் குறியீடு 100 தாண்டினா பள்ளிகள்ல வெளி நடவடிக்கையை நிறுத்துவாங்க. நீங்களும் அதையே அளவா வச்சுக்கோங்க.

கடைசியா, யாரும் கேக்காததை நானே சொல்றேன். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ இங்க பள்ளிகளுக்கு அரையாண்டு லீவு விடுவாங்க, தேதி வருஷா வருஷம் மாறும். அந்த லீவு முழுக்க நான் பாடத்தை மூட்டை கட்டிடுவேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க தெருவுல கிடைக்கிறது அப்போதான். சின்னவ கோலி, கல்லாங்காய், மலாய்ல நாலு கெட்ட வார்த்தை எல்லாம் அதுல கத்துக்கிட்டா. பள்ளி திறந்த அன்னைக்குக் காலை இருட்டுல கேட்டைப் பிடிச்சுக்கிட்டு, நீலப் பினஃபோர் போட்டுட்டுப் போற பொண்ணுங்களையே பார்த்துட்டு நின்னா. "எனக்கும் அந்தச் சட்டை வேணும்"னா. என்ன சொல்றதுன்னு தெரியல. இன்னும் எங்கிட்ட அதுக்குப் பதில் இல்லை.

அந்த வாரமே கோயில்ல ஞாயித்துக்கிழமை நடக்கிற தேவார வகுப்புல சேர்த்துவிட்டேன். பன்னிரண்டு பிள்ளைங்க வருது, அதுல ரெண்டு பேர் எங்க தெரு. வகுப்பு முடிஞ்சு சுண்டல் கொடுப்பாங்க, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் மண்டபத்துல ஆட்டம்தான். நீங்க இருக்கிற பக்கமும் ஏதாவது கோயில்ல நடக்கும், அர்ச்சகர்கிட்டயோ தலைவர்கிட்டயோ கேளுங்க.