செம்புக்காசு கிரேடிங்ல மேல்பரப்பு பார்த்த வேலை – உங்க அனுபவத்தையும் போடுங்க

முதல்ல என் கதை. 1797 கார்ட்வீல் பென்னி ஒண்ணு, பழைய பிரிட்டிஷ் செம்புக்காசு, சோஹோங்கிற நாணயச்சாலையில பவுல்டனோட நீராவி பிரஸ்ல அடிச்சது, ஒரு அவுன்ஸ், கையில எடுத்தா எடைக்கல்லு மாதிரி கனக்கும். மூணாம் ஜார்ஜோட தலைமுடி இழை இழையா தெரியுது, இலை மாலை பெருசா தேயல, அதனால நல்ல நம்பர் வரும்னு நானே முடிவு பண்ணிட்டு கிரேடிங்குக்கு (காசோட நிலையை பார்த்து தரமும் நம்பரும் போடறவங்களுக்கு) அனுப்பிட்டேன். லேபிள்ல வந்தது ‘எக்ஸ்எஃப் டீடெயில்ஸ், கிளீன்டு’. அதாவது தேய்மானம் குறைச்சல்தான் (எக்ஸ்எஃப்), ஆனா யாரோ தேய்ச்சு சுத்தம் பண்ணின காசு, அதனால நம்பரே இல்ல!

கோவத்துல லைட்டை சாய்ச்சு வெச்சு லூப்ல (சின்ன பூதக்கண்ணாடி) பார்த்தா அவங்க சொன்னது சரிதான். மூக்குக்கு முன்னாடி காலியா இருக்கிற இடம் முழுக்க ஒரே திசையில மயிரிழை கீறல். கன்னம், தோள்னு மேடெல்லாம் வெளிறின ரோஸ் கலர்ல பளிச்சுன்னு இருக்கு, விளிம்புல பள்ளமா இருக்கிற எழுத்துக்குள்ள மட்டும் பழைய கருப்பு அப்படியே உக்காந்திருக்கு. தானா நிறம் மாறின காசுன்னா இது தலைகீழா இருக்கணும், கை படற மேடுதான் முதல்ல பழுப்பாகும், இடுக்குலதான் ஒரிஜினல் சிவப்பு கொஞ்சம் தங்கும். எனக்கு முன்னாடி வெச்சிருந்த யாரோ ஒரு புண்ணியவான் பாலிஷ் போட்டு தேய்ச்சிருக்கார், நான் தேய்மானத்தை மட்டும் பார்த்து வாங்கிட்டேன்.

——

உங்களுதாவது அதோட நின்னுச்சு, என் காசு டப்பாக்குள்ளயே அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. வெளிர்பச்சை பொடி, களிம்புதானேன்னு தொடைச்சு வெச்சா கொஞ்ச நாள்ல அதே இடத்துல திரும்ப வருது. உள்ள குளோரைடு இருக்கு, காத்துல ஈரம் இருந்தா போதும் அது செம்பை தின்னுக்கிட்டே போகும். பல்குச்சியால லேசா நோண்டினேன், பொடி உதிர்ந்த இடத்துல ஊசி குத்தின மாதிரி குழி. அது இனி எந்த வைத்தியத்துக்கும் நிரம்பாது. அதுக்காக பச்சையை பார்த்தாலே பயப்படாதீங்க, கெட்டியா வழவழன்னு படிஞ்ச கரும்பச்சை பெரும்பாலும் பேசாம இருக்கும், அதை சுரண்டினாதான் வம்பு. இன்னொரு காசுல பிசுபிசுன்னு பச்சை, கடைசியில பார்த்தா பழைய பிவிசி கவரோட பிசுக்கு, சுத்தமான அசிட்டோன்ல ஊற வெச்சதும் போயிடுச்சு (ஜன்னலை திறந்து வெச்சுக்கோங்க, நெருப்பு பக்கத்துலயே வேணாம்). அந்த காசு நம்பரோட வந்துச்சு.

——

எனக்கு நடந்தது வேற மாதிரி. அமெரிக்க லார்ஜ் சென்ட் (அந்தக்கால பெரிய செம்பு சென்ட்) ஒண்ணு, கன்னத்துல ஒரு பள்ளம், அடிபட்டதுன்னு ஒதுக்கி வெச்சிருந்தேன். விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் பார்த்துட்டு, அடி விழுந்திருந்தா ஓரத்துல உலோகம் பிதுங்கி மேல எழும்பியிருக்கும், இதுல அப்படி இல்ல, முடி கோடு பள்ளத்துக்குள்ளயும் இறங்கி போகுது பாருன்னார். அதாவது காசா அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே செம்புத் தகட்டுல இருந்த குறை, பின்னாடி வந்த சேதத்தோட சேர்த்தி இல்ல. கிரேடிங்லயும் அப்படித்தான் எடுத்துக்கிட்டாங்க.

ஷெல்டன்ங்கிற அமெரிக்க நாணய ஆய்வாளர் 1949-ல 1 முதல் 70 வரைக்கும் கிரேடு ஸ்கேல் போட்டதே இந்த வகை சென்ட்டுக்குத்தான். இப்பவும் அந்த ஆரம்பகால செம்பு சேர்க்கிறவங்க தேய்மானத்துக்கு ஒரு கிரேடு போட்டு, அரிப்பு, கீறல், விளிம்பு அடிக்கெல்லாம் கழிச்சு நெட் கிரேடு சொல்வாங்க, விஎஃப் 30 கூர்மை, நெட் எஃப் 12ங்கிற மாதிரி (விஎஃப், எஃப் எல்லாம் எக்ஸ்எஃப்-க்கு கீழ வர்ற தரம்). மொத்தமா ‘டீடெயில்ஸ்’னு ஓரங்கட்டுறதை விட இதுதான் எனக்கு நியாயமா படுது, என்ன, எவ்வளவு கழிக்கிறதுங்கிறதுல ரெண்டு பேருக்கு ஒத்துப்போகாது.

——

அப்போ என் பென்னிக்கு நெட் எவ்வளவு சொல்வீங்க? நேர் வெளிச்சத்துல எடுத்த படத்துல கீறலே தெரியல, சாய்ச்ச வெளிச்சத்துல ரெண்டு பக்கமும் திரும்ப எடுத்து ராத்திரி போடறேன். கொஞ்சம் தாராளமாவே கழிங்க, மனசை தேத்திக்கிட்டேன்.