குடிகார அப்பனோடு வளரும் பிள்ளையிடம் 'கடவுள் உன் தந்தை' என்று எப்படிச் சொல்வது?

மறைக்கல்வி டீச்சர் (வள்ளியூர் பக்கம்)
முதல் நற்கருணைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் வகுப்பு எடுக்கிறேன். போன வாரப் பாடம் 'கடவுள் நம் அன்புத் தந்தை'. ஒரு சிறுமி எழுந்து, "எங்க அப்பா மாதிரியா டீச்சர்?" என்று கேட்டாள். அவள் அப்பா சாயங்காலமானால் டாஸ்மாக்கில் கிடப்பவர், வீட்டுக்கு வந்தால் அடிதான். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பாடத்தை 'அன்புத் தாய்' என்று மாற்றிச் சொல்லலாமா? உங்கள் கருத்து வேண்டும்.

பழைய உபதேசியார்
வேண்டாம் தாயி. ஆண்டவர் கற்றுத்தந்த ஜெபமே தந்தையைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. அதில் கைவைக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது? இன்னொன்றும் சொல்கிறேன். அன்பு, அன்பு என்று பேசிப் பேசித்தான் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் வருவது குறைந்து போயிற்று. கண்டிக்காத அப்பன் அப்பனா? எபிரேயர் 12-ஐ எடுத்துப் பாருங்கள். ஆண்டவர் யாரை நேசிக்கிறாரோ அவரைத்தான் கண்டித்துத் திருத்துகிறார்.

உவரிக்காரி
அண்ணாச்சி, உதடு கிழிந்து வந்த பிள்ளையிடம் போய் 'அடிக்கிறவர்தான் அப்பா' என்று சொன்னால் அது இனி கோயில் வாசலை மிதிக்குமா? செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் அந்தோனியார் கோயிலுக்கு வந்து பாருங்கள். பொம்பிளைகள் கூட்டம் ஏன் அங்கே நிற்கிறது? அந்தச் சுரூபத்தின் கையில் பிரம்பு இல்லை, குழந்தை இருக்கிறது. மாதாவின் குகைக் கெபி முன்னாலும் இதே கதைதான். பிதாவின் பேரைச் சொல்லிச் சொல்லிப் பயம் காட்டியதால்தான் ஜனம் பக்கத்து வாசல் வழியாகப் போகிறது. டீச்சர், தாய் என்றே சொல்லுங்கள்.

பூசைக்குப் போகாதவன், பாளை
தாயோ தந்தையோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கேள்வி மட்டும். வடக்கன்குளம் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் ஒரு பீடம், அதிலிருந்து இரண்டு கையாகப் பிரிகிற கட்டடம், இடையில் சுவர். ஒரே சாமியார் பூசை வைப்பார். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் முழங்கால் போட்டு ஒரே தந்தையைக் கூப்பிடுவார்கள், ஆனால் ஒரு சாதி முகத்தை மற்ற சாதி பார்க்காது. 1910-இல் கௌசானல் சாமியார் அந்தச் சுவரை இடிக்கும் வரை இதுதான் நிலைமை. இடித்ததற்காகக் கோர்ட்டுக்கும் இழுத்தார்கள். 'அன்பான தந்தை' என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்ன ஜனம் இது. அந்த நம்பிக்கை யாரை மாற்றியது?

தேரிமணல்
கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சுவர் தப்பு என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன்? எல்லாரும் ஒரே அப்பாவின் பிள்ளைகள் என்ற போதனையை வைத்துத்தான். அந்தப் போதனைதான் சுவர் வைத்தவர்களைக் கூண்டில் ஏற்றுகிறது. டீச்சர் கேட்டதற்கும் இதே பதில்தான். நம் அப்பாக்களைப் பார்த்துக் கடவுளை அளக்கக் கூடாது, கடவுளைப் பார்த்து நம் அப்பாக்களை அளக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 239-ஆம் எண்ணைப் படியுங்கள். பூமியில் உள்ள பெற்றோர் தவறக்கூடியவர்கள், தாய் தந்தை என்ற முகத்தையே சிதைத்துவிடக்கூடியவர்கள் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. கடவுள் ஆணுமல்ல, பெண்ணுமல்ல என்பதும் அங்கேயே இருக்கிறது. 33 நாள் மட்டும் பாப்பரசராக இருந்த முதலாம் யோவான் பவுல் 1978 செப்டம்பரில், அவர் தந்தை, அதைவிடவும் தாய் என்று பேசினார். தாய் தன் பிள்ளையை மறந்தாலும் நான் உன்னை மறக்க மாட்டேன் என்கிற எசாயா 49-ஐ வைத்துத்தான் அப்படிச் சொன்னார்.

உபதேசியார் அண்ணாச்சிக்கு: எபிரேயர் 12-இல் ஆறாம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். பத்தாம் வசனத்தையும் வாசியுங்கள். நம் தகப்பன்மார் தங்களுக்குத் தோன்றியபடி தண்டித்தார்கள், அவரோ நம் நன்மைக்காக என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது.

டீச்சருக்கு: லூக்கா 15-ஐ எடுங்கள். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே இளையவன் பங்கு கேட்கிறான். நம் பக்கத்தில் அப்படிக் கேட்டவனை ஊரே காறித் துப்பும். அவன் திரும்பி வரும் வழியில் ஒரு பேச்சை மனப்பாடம் செய்கிறான். 'உம் மகன் எனப்பட எனக்குத் தகுதியில்லை, கூலியாளாக வைத்துக்கொள்ளும்.' தூரத்தில் பார்த்ததுமே வயசான மனுஷன் ஓடிவந்து கட்டிப்பிடித்துவிடுகிறார். பையன் பேச்சை ஆரம்பிக்கிறான், ஆனால் அந்தக் கூலியாள் வரி வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குள் அப்பா உடுப்பும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். உங்கள் வகுப்புப் பிள்ளை பார்க்க வேண்டிய அப்பா இவர்.

பூசைக்குப் போகாதவன், பாளை
மனுஷனெல்லாம் சமம் என்று சொல்ல எனக்கு மேலே ஒரு அப்பா தேவைப்படவில்லை, தம்பி. சரி, சிலுவைச் சாவுக்கு முந்தின ராத்திரி கெத்சமனித் தோட்டத்தில் சொந்த மகன் இயேசு 'அப்பா, இந்தக் கிண்ணத்தை எடுத்துவிடும்' என்று கெஞ்சினாரே, எடுத்தாரா? அதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வீர்கள்?

தேரிமணல்
எட்டு வயசுப் பிள்ளையிடம் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். எடுக்கவில்லை. அப்படியும் அவர் சிலுவையில் கடைசியாகக் கூப்பிட்டது 'தந்தையே' என்றுதான், லூக்கா 23. இது உங்களுக்கு நிரூபணம் ஆகாது என்று தெரியும். அடி வாங்கினவரே அப்படிக் கூப்பிட்டிருக்கிறார் என்பதால் எனக்கும் கூப்பிட வாய் வருகிறது, அவ்வளவுதான்.

உவரிக்காரி
பாடம் கிடக்கட்டும். அந்தப் பிள்ளை அடி வாங்குகிறது என்று தெரிந்த பிறகு யாரிடமாவது சொன்னீர்களா டீச்சர்? பிள்ளைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது.

மறைக்கல்வி டீச்சர் (வள்ளியூர் பக்கம்)
அன்றைக்கே 1098-க்குப் பேசியாச்சு அக்கா. பள்ளிக்கூடத்து சிஸ்டரிடமும் சொல்லியாச்சு. பிள்ளை இப்போது ஆச்சி வீட்டில் இருக்கிறாள். இந்த ஞாயிறு லூக்கா 15 நடத்தப்போகிறேன்.

பழைய உபதேசியார்
போன் போட்டது நல்ல காரியம். அந்தத் தகப்பனைப் பங்குச் சாமியார் கூப்பிட்டுப் பேச வேண்டும், நானும் கூட வருகிறேன். ஆனால் ஜெபத்தை மட்டும் மாற்றாதீர்கள் தாயி, அதில் நான் இறங்கி வர மாட்டேன்.

உவரிக்காரி
வாருங்கள் அண்ணாச்சி. அங்கே போய் எபிரேயர் 12 ஆறாம் வசனத்தை எடுத்துவிடாதீர்கள்.