இந்து மணமகனுடன் தேவாலயத் திருமணம்: ஆயத்தத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (ஈசூன் வாசி):

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்சியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, திருமுழுக்கு (ஞானஸ்நானம்), புதுநன்மை, உறுதிபூசுதல் எனும் திருச்சபைச் சடங்குகள் அனைத்தையும் அங்கேயே பெற்றவள். இப்போது சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கிறேன். நான் மணக்கவிருப்பவர் இவ்வூரில் பிறந்த இந்து. தேவாலயத்தில் மணமுடிக்க அவருக்கு முழுச் சம்மதம். ஆனால் மதம் மாறும் எண்ணம் இல்லை, நானும் அவரை வற்புறுத்த விரும்பவில்லை. அடுத்த ஆண்டு எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாவி கிடைக்கும் என்பதால், முதலில் பதிவுத் திருமணத்தை முடித்துவிட்டு ஆலயத் திருமணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அவருடைய பெற்றோரோ, காலையில் ஆலயமும் மாலையில் பெருமாள் கோயிலில் மாங்கல்யதாரணமும் நடக்க வேண்டும் என்கிறார்கள். இவற்றில் எது முடியும், எது முடியாது என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் (திருமண ஆயத்த வகுப்புகளில் உதவும் தம்பதியர்):

சகோதரி, அவர் திருமுழுக்குப் பெற வேண்டியதில்லை. திருமுழுக்குப் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணப்பது திருச்சபைச் சட்டத்தின் 1086ஆம் பிரிவின்படி ஒரு தடை. அதற்கு மறைமாவட்டத் தலைவரான ஆயரின் விலக்கு அனுமதியை, உங்கள் ஆலயத்தின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தை வழியாகப் பெற வேண்டும். அது இல்லாமல் நடக்கும் திருமணம் செல்லாது. அந்த அனுமதி கிடைப்பதற்கு முன் நீங்கள் ஒரு வாக்குறுதி கொடுக்க வேண்டும்: உங்கள் விசுவாசத்தைக் கைவிடமாட்டீர்கள் என்பதும், பிறக்கும் பிள்ளைகள் அனைவரும் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர உங்களால் இயன்ற அனைத்தையும் செய்வீர்கள் என்பதும். அவர் அந்த வாக்குறுதியைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கொடுக்கும் வாக்குறுதி இன்னதென்று அவருக்குத் தெளிவாகத் தெரிவிக்கப்பட வேண்டும். மதம் மாறுவதைப் பற்றி மட்டும் பேசி, பிள்ளைகளைப் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடும் இணையர் பலர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த வாக்குறுதிப் படிவம் மேசைக்கு வரும் நாளில் அவர் அதை முதன்முறையாகக் கேள்விப்படுவது இருவருக்கும் அநீதி.

மாலைச் சடங்கைப் பொறுத்தவரை, ஒரே திருமணத்துக்காக முன்போ பின்போ மற்றொரு சமயச் சடங்கில் சம்மதத்தைக் கொடுப்பதையோ புதுப்பிப்பதையோ 1127ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே கோயிலில் மாங்கல்யதாரணம் இயலாது. பெரியவர்களின் ஆசீர்வாதமும் விருந்தும் வேறு. அவற்றை எவரும் தடுப்பதில்லை. இதை மாமியார் வீட்டாருக்கு உங்கள் வருங்காலக் கணவரே சொல்வதுதான் முறை.

பதில் (கத்தோலிக்கப் பெண்ணை மணந்த இந்து):

தங்கை, உன் வருங்காலக் கணவரிடம் இதைச் சொல். ஆயத்த வகுப்புக்குப் போனபோது என்னை யாரும் மதம் மாற்ற முயலவில்லை; பணம், பெற்றோரைப் பேணுவது, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது போன்ற, எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயங்களைத்தான் பேச வைத்தார்கள். எங்கள் திருமணம் திருப்பலி (பூசை) இல்லாமல், விவிலிய வாசகங்களும் மன்றாட்டுகளும் கொண்ட இறைவாக்கு வழிபாட்டோடு நடந்தது; ஒருவர் திருமுழுக்குப் பெறாதவராக இருக்கும்போது அதுதான் வழக்கம். திருப்பலியை எதிர்பார்த்து வரும் உன் திருச்சி உறவினர்களுக்கு அதை முன்பே சொல்லிவிடு.

பதில் (புக்கிட் பாத்தோக் வாசி):

ஆவணங்களைப் பற்றிச் சொல்கிறேன். திருமுழுக்குச் சான்றிதழின் பழைய நகல் போதாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய பிரதியைக் கேட்பார்கள். உங்களுக்கு முன்பே மணமாகியிருந்தால் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பு இருக்கும் என்பதே காரணம். திருச்சிப் பங்கிற்கு இப்போதே கடிதம் எழுதுங்கள்.

பதிவுத் திருமணத்தை எண்ணித் துணிய வேண்டும். கத்தோலிக்கர் ஒருவர், குரு அல்லது திருத்தொண்டர் முன்னிலையில் இரு சாட்சிகளோடு மணமுடிக்க வேண்டும் என்பது திருச்சபையின் விதி; ஆயரின் தனி விலக்கு இல்லாதவரை, பதிவகத்தில் மட்டும் செய்வது திருச்சபையின் பார்வையில் திருமணம் ஆகாது. வீட்டைப் பற்றிய அவசரமும் தேவையில்லை: நிச்சயிக்கப்பட்டவர்களுக்கான வீவக திட்டத்தில் விண்ணப்பித்திருந்தால், சாவி பெற்ற மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் கொடுத்தால் போதும். இவ்வூர்க் குருக்களில் பலர் சட்டப்படி திருமணம் நடத்திவைக்க அரசு உரிமம் பெற்றவர்கள். பதிவகத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்பே அறிவிப்புக் கொடுத்துவிட்டால், ஆலயத்திலேயே ஒரே நாளில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. பிள்ளைகளைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவே இல்லை. இன்றிரவு பேசிவிட்டு, ஞாயிறன்று இருவரும் பங்குத்தந்தையைப் பார்க்கப் போகிறோம். ஒரே ஒரு ஐயம்: ஆலயத்தில் தாலி கட்டலாமா? அது நடந்தால் அத்தையின் மனம் ஆறும்.

பதில் (ஆயத்த வகுப்புத் தம்பதியர்):

கட்டலாம். தமிழ்க் கத்தோலிக்கரிடையே தாலியைக் குரு மந்திரித்து (ஆசீர்வதித்து)க் கொடுக்க, அதைக் கட்டுவது நெடுநாள் வழக்கம். ஓஃபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் தாய் ஆலயம். அங்கு விசாரித்தால் தமிழில் திருமணச் சடங்கு நடத்துவதற்கும் வழிகாட்டுவார்கள். தாலி செய்யக் கொடுக்கும் முன் அதன் வடிவத்தைப் பங்குத்தந்தையிடம் காட்டிவிடுங்கள், அத்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.