முருங்கை விதைக் கரைசல் நீலப்பச்சைப் பாசியை நீக்குமா, அதன் நச்சையும் நீக்குமா?

கேள்வி:
வணக்கம். நாங்கள் நடத்தும் சிறிய குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏரி நீரே ஆதாரம். வெப்பம் மிகுந்த மாதங்களில் நீலப்பச்சைப் பாசி, குறிப்பாக மைக்ரோசிஸ்டிஸ், ஏரியின் மேற்பரப்பில் தடித்துப் படர்ந்துவிடுகிறது. நீரை எடுத்தவுடன் குளோரின் சேர்த்து, படிகாரம் இட்டுத் தெளியவைத்து, மணல் வடிகட்டியில் செலுத்துகிறோம். படிகாரத்துக்குப் பதிலாக முருங்கை விதை, தேற்றாங்கொட்டை போன்ற தாவரத் திரட்டிகளை (நீரில் மிதக்கும் நுண்துகள்களை ஒன்றுசேர்த்துத் திரளச் செய்பவை) பயன்படுத்த எண்ணுகிறோம். சேற்றுக் கலங்கலைத் தெளியவைப்பதைப் போலப் பாசியையும் இவை நீக்குமா? தெளிந்த நீரில் பாசியின் நச்சு இராது என்று கொள்ளலாமா?

பதில் 1:
பாசியை நீக்கும், நச்சு இராது என்று மட்டும் கொள்ள வேண்டாம்.

பாசிச் செல்களின் மேற்பரப்பு எதிர்மின்சுமை உடையது என்பதால் அவை ஒன்றையொன்று விலக்கியபடி நீரில் பரவி நிற்கின்றன. முருங்கை விதையிலுள்ள சிறிய புரதங்கள் குடிநீரின் வழக்கமான பி.எச். அளவுகளில் நேர்மின்சுமை கொண்டிருப்பதால், அந்த விலக்கத்தைத் தணித்துச் செல்களைத் திரளச் செய்கின்றன. படிகாரம் நீரின் காரத்தன்மையைக் குறைப்பது போல இவை குறைப்பதில்லை. ஆனால் மைக்ரோசிஸ்டிஸ் செல்களுக்குள் வாயுப் பைகள் இருப்பதால், திரண்ட பிறகும் அவை அடியில் படியாமல் மேலெழக்கூடும். கலங்கல் நீரில் களிமண் துகள்கள் திரளுக்கு எடை கூட்டும். பாசி மட்டுமே உள்ள ஏரி நீரில் அந்த உதவி இல்லை. ஆகவே, நுண்ணிய காற்றுக் குமிழிகளால் திரளை மிதக்கவிட்டு மேலிருந்து வழித்தெடுக்கும் முறையே இந்தப் பாசிக்கு ஏற்றது என்பேன்.

நலமாக உள்ள பாசியில் மைக்ரோசிஸ்டின் நச்சின் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கும். செல் உடையாமல் வெளியேறினால் நச்சும் அதனுடன் வெளியேறும். நீரில் கரைந்துவிட்ட நச்சையோ படிகாரமும் சரி, முருங்கையும் சரி, குறிப்பிடத்தக்க அளவில் நீக்குவதில்லை. வாழ்நாள் முழுதும் பருகும் நீரில் மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். (இந்த நச்சின் ஒரு வகை) லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நீரின் தெளிவைப் பார்த்து இதைத் தீர்மானிக்க இயலாது. கொதிக்கவைத்தாலும் இந்த நச்சு அழியாது.

பதில் 2:
மேலே சொல்லப்பட்டதோடு விதையின் இன்னொரு குறையையும் கணக்கில் கொள்ள வேண்டும். விதைப் பொடியை அப்படியே நீரில் கரைத்தால், திரட்டும் புரதத்துடன் எண்ணெயும் பிற கரிமப் பொருள்களும் சேர்ந்து இறங்கும். அவை பின்னர் குளோரினுடன் வினைபுரிந்து டிரைஹாலோமீத்தேன் போன்ற விரும்பத்தகாத சேர்மங்களைத் தரலாம். குழாய்களில் நுண்ணுயிர்கள் பெருகவும் தீனியாகும். எண்ணெயைப் பிழிந்தெடுத்த பின், எஞ்சிய பிண்ணாக்கிலிருந்து உப்புக் கரைசலால் புரதத்தைப் பிரித்தெடுத்தால் திரட்டும் திறன் கூடும், தேவைப்படும் அளவும் குறையும். கரைசலை அவ்வப்போது புதிதாகத் தயாரிப்பதே நல்லது. ஒரே விதைக்கும் ஒவ்வொரு நீரிலும் அளவு மாறும் என்பதால், ஜார் சோதனை (பல குவளைகளில் அதே நீரை எடுத்து, வெவ்வேறு அளவில் திரட்டியைச் சேர்த்து ஒப்பிடுவது) செய்யாமல் அளவை முடிவுசெய்ய வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் தொடக்கத்தில் குளோரின் சேர்ப்பதே தவறாகுமா?

பதில் 3:
பாசி மிகுந்த காலத்தில் ஆம், அதை நிறுத்திவிடுங்கள். குளோரின் செல் சுவரைச் சிதைத்து உள்ளிருக்கும் நச்சை நீரில் கலக்கச் செய்யும். ஏரியில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தூவுவதும் இதே விளைவைத் தரும்: 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையின் பாசியை அதனால் அழித்த சில நாள்களில், பெரும்பாலும் சிறுவர்களாக, 140-க்கும் மேற்பட்டோர் கல்லீரல் பாதிப்புடன் நோயுற்றனர். அங்கே இருந்தது வேறு வகைப் பாசி, வேறு நச்சு. செல் உடைந்து நச்சு வெளியேறும் வழி ஒன்றே.

முதலில் திரட்டி, பிறகு மிதக்கவிடுதல் அல்லது படியவைத்தல், அதன்பின் வடிகட்டல், கடைசியில்தான் குளோரின் என்று வரிசையை மாற்றுங்கள். பி.எச். 8-க்குக் கீழே இருந்து, குறைந்தது 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால், கரைந்த மைக்ரோசிஸ்டினையும் அது சிதைக்கும். கரைந்த நச்சு மிகுதியாக இருந்தால், அதைத் தன்மேல் ஈர்த்துக்கொள்ளும் செயலூட்டிய கரித்தூள் தேவைப்படும். பிரித்தெடுத்த கசடையும் நாள்கணக்கில் தொட்டியில் விட்டுவைக்கக் கூடாது. அதிலுள்ள செல்கள் சில நாள்களில் உடைந்து நச்சைக் கக்கும் என்பதால், கசடிலிருந்து வடியும் நீரை மீண்டும் நிலையத்தின் தொடக்கத்துக்குத் திருப்பிவிடாதீர்கள்.