3எக்ஸ் + 2வை = 12 எனக்கு விளங்கின நாள்

கொக்குவிலிலை ரியூசனுக்குப் போய் வந்த காலம், ஓ.எல் கணக்கிலை இந்த நேர்கோட்டுச் சமன்பாடு மட்டும் எனக்கு ஓடவே இல்லை. 3எக்ஸ் + 2வை = 12 ஐ வை = எம்எக்ஸ் + சி வடிவத்துக்கு (எம் எண்டது படித்திறன், கோட்டின்ரை சரிவு; சி எண்டது வெட்டுத்துண்டு, கோடு வை அச்சை வெட்டுற இடம்) மாத்தச் சொன்னா 2வை = -3எக்ஸ் + 12 வரைக்கும் சரியா வந்திடுவன், பிறகு 2 ஆலை வகுக்கேக்க 12 ஐ மட்டும் வகுத்துப்போட்டு 3 ஐ அப்பிடியே விட்டிடுவன், வை = -3எக்ஸ் + 6 எண்டு. சேர் சிவப்பாலை வட்டம் போடுவார், நான் திருத்துவன், அடுத்த கிழமையும் அதே பிழை.

ஒருநாள் அம்மா 1200 ரூபா தந்து திருநெல்வேலிச் சந்தைக்கு விட்டவா. கத்தரிக்காய் கிலோ 300, வெண்டிக்காய் 200, முழுக்காசுக்கும் வாங்கு எண்டு. முழுக்கக் கத்தரி எண்டா 4 கிலோ, முழுக்க வெண்டி எண்டா 6 கிலோ, கத்தரி ஒரு கிலோ கூட எடுத்தா வெண்டியிலை ஒண்டரைக் கிலோ குறையுது. சந்தைக்குள்ளையே நிண்டிட்டன். கத்தரி எக்ஸ் கிலோ, வெண்டி வை கிலோ எண்டா 300எக்ஸ் + 200வை = 1200, 100 ஆலை வகுத்தா இது அந்தக் கணக்குத்தானே, அந்த ஒண்டரைதான் படித்திறன், குறையிறதாலை -3/2! நான் எழுதின -3 எண்டா 300 ரூபாக் கத்தரிக்கு 600 ரூபா வெண்டியை விட்டுக் குடுக்கிற மாதிரி. அதுக்குப் பிறகு ஒருநாளும் வகுக்க மறந்ததில்லை.

பின்னூட்டம்: தம்பி, நல்ல விளக்கம். நான் வீட்டிலை பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறனான், அதுகள் சமன்பாட்டைக் கண்ட உடனை மாத்தத் தொடங்குதுகள். கோடு கீறத்தான் கேட்டதெண்டா என்னத்துக்கு மாத்திறது? எக்ஸுக்கு 0 போட்டா வை 6, வைக்கு 0 போட்டா எக்ஸ் 4, ரெண்டு புள்ளி, அடிமட்டத்தை வைச்சுக் கீறு, முடிஞ்சுது. சமாந்தரமோ எண்டு கேட்டா மாத்து. 6எக்ஸ் + 4வை = 20 ஐ மாத்தினா வை = -3/2 எக்ஸ் + 5, ரெண்டு கோட்டுக்கும் ஒரே படித்திறன், வெட்டுத்துண்டு வேறை, அப்ப சமாந்தரம்தான்.

அதுக்குப் பதில்: அக்கா, எனக்குச் சோதினையிலை எக்ஸ் = 4 வந்தது. வையை எழுவாயாக்க, அதாவது தனிய ஒரு பக்கம் எடுக்க வேணும் எண்டு கனநேரம் மினக்கெட்டு, கடைசியா படித்திறன் 0 எண்டு எழுதிப்போட்டு வந்தன். வெளியிலை வந்து கூட்டாளியின்ரை வரைபுத்தாளைப் பாத்தாத்தான் தெரியுது, கோடு நட்டுக்கு நிக்குது, வை எத்தினையா இருந்தாலும் எக்ஸ் 4 தான், அதுக்குப் படித்திறனே இல்லை, எம்எக்ஸ் + சிக்குள்ளை அது வரவே வராது.