சர்க்கரையை நிறுத்து மாப்பிள்ளை

குழு: காட்பாடி வீடு

ஞாயிறு

மெல்போர்ன் தம்பி: மாமா, பிப்ரவரியில் வீட்டில் போட்ட பீரை இன்றுதான் திறந்தேன். நுரை வருகிறது, ஆனால் தண்ணி மாதிரி இருக்கிறது. பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி ஒரு வாடை வேறு. அடுத்த கிட்டில் இன்னொரு கிலோ சர்க்கரை சேர்த்தால் வீரியம் ஏறுமா?

காட்பாடி மாமா: ஏறும். சுவை இன்னும் கெடும். என்னென்ன போட்டாய், அளவோடு எழுது.

மெல்போர்ன் தம்பி: 1.7 கிலோ மால்ட் சாறு டின், 1 கிலோ வெள்ளைச் சர்க்கரை, தண்ணீர் ஊற்றி மொத்தம் 23 லிட்டர். டின்னோடு வந்த ஈஸ்ட். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஆரம்பம் 1.038, முடிவு 1.008.

காட்பாடி மாமா: வித்தியாசம் 0.030. அதை 131-ஆல் பெருக்கினால் சாராயம் 3.9 சதவீதம். பக்கெட்டை எங்கே வைத்தாய்?

மெல்போர்ன் தம்பி: துணி துவைக்கும் அறையில். அப்போது 29 டிகிரி இருக்கும்.

காட்பாடி மாமா: அங்கேதான் பாதி கெட்டது. ஈஸ்ட் சூட்டில் அவசரமாக வேலை செய்தால் கண்ட வாடையும் வரும். 18லிருந்து 20க்குள் வை.

சத்துவாச்சாரி அக்கா: இங்கே கத்திரி வெயில். மாவு அரைத்து மூன்று மணி நேரத்தில் பாத்திரம் வழிகிறது. நீ 20 டிகிரி பேசுகிறாய் மாமா 😀

காட்பாடி மாமா: அதேதாம்மா விஷயம். ஆனால் மாவில் நீ கையை விட்டுக் கலக்குகிறாய், அதைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியா. பீரில் அது நுழைந்தால் மொத்தமும் புளித்துப் போகும். பக்கெட், கரண்டி, குழாய் எல்லாவற்றையும் கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும், மாப்பிள்ளை.

காட்பாடி மாமா: இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். ஈஸ்ட் சர்க்கரையை மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். சாராயம் ஏறும், நாக்கில் நிற்க ஒன்றும் இருக்காது. மால்டில், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியில், ஈஸ்ட் தொடாத மாவுச்சத்துத் துண்டுகளும் புரதமும் இருக்கின்றன, கனம் அதில்தான். அதனால் சர்க்கரையை அடியோடு விடு. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேர்க்காத மால்ட் சாறு 1.5 கிலோ டின் இன்னொன்று வாங்கு. தண்ணீரை 20 லிட்டரோடு நிறுத்து. ஆரம்பம் 1.048 பக்கம் வரும்.

மெல்போர்ன் தம்பி: இனிப்பாகிவிடாதா மாமா?

காட்பாடி மாமா: நல்ல கேள்வி. மால்ட் கூடினால் டின்னில் இருக்கும் கசப்பு போதாது. கிரிஸ்டல் மால்ட் 250 கிராம் உடைத்து, 65-70 டிகிரி வெந்நீரில் அரை மணி ஊறவைத்து வடிகட்டு. அந்தச் சாற்றில் 20 கிராம் ஹாப்ஸ் போட்டு 20 நிமிஷம் கொதிக்க விடு. ஐந்தாம் நாள் இன்னொரு 25 கிராம் பச்சையாகப் போடு. அது மணத்துக்கு. ஈஸ்ட் 11 கிராம் பாக்கெட்டாக வாங்கு, டின்னோடு வருவது சின்னது.

பேரணாம்பட்டு சித்தி: அண்ணா, இதையெல்லாம் இங்கே வீட்டில் செய்யலாமா? நம்ம பையன் கேட்கிறான்.

காட்பாடி மாமா: கூடாது. 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, 1987லிருந்து கள்ளுக்கே தடை. மாப்பிள்ளை இருக்கும் இடத்தில் சொந்தக் குடிக்குப் பீர் போடலாம், அதனால் சொல்கிறேன். உன் பையனைப் பதநீர் குடிக்கச் சொல்.

இரண்டு வாரம் கழித்து, வியாழன்

மெல்போர்ன் தம்பி: 1.048ல் தொடங்கியது, இன்று 1.012! 4.7 சதவீதம் வருகிறது மாமா. மூடியைத் திறந்ததும் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிய மணம். பாட்டிலில் ஊற்றட்டுமா?

காட்பாடி மாமா: ஊற்றாதே. சனிக்கிழமை மறுபடி அள. கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார். அதே எண் வந்தால் முடிந்தது. இறங்கியிருந்தால் ஈஸ்ட் இன்னும் தின்கிறது, அப்போது மூடினால் பாட்டில் வெடிக்கும். நுரைக்காக மட்டும் 750 மில்லி பாட்டிலுக்கு 6 கிராம் சர்க்கரை, அதற்கு மேல் ஒரு சிட்டிகை கூட வேண்டாம்.

சத்துவாச்சாரி அக்கா: குழந்தை கை எட்டாத இடத்தில் வைடா.

மெல்போர்ன் தம்பி: சரி அக்கா, கராஜில் அட்டைப் பெட்டிக்குள் வைக்கிறேன்.

சனி

மெல்போர்ன் தம்பி: 1.012.

காட்பாடி மாமா: ஊற்று.