கயல்விழியா, கயல்விளியா? அந்தப் பிள்ளை சொன்னது என்ன?

தாமிரபரணி தாராவி | இரவு 8:52

நம் மும்பைப் பொங்கல் விழா முடிந்து நாலு நாள் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறாவது படிக்கிற பிள்ளை மேடை ஏறி, "என் பெயர் கயல்விழி, தாராவியிலிருந்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ‘அகர முதல’ குறளைத் தொடங்கப் போனாள். நிகழ்ச்சியை நடத்தியவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "விளி இல்லைம்மா, விழி. முதலில் உன் பெயரைச் சரியாகச் சொல்லு, அப்புறம் குறள்" என்றார். முன்வரிசையில் சிரிப்பு. மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார்கள். பட்டுப் பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் பிள்ளை. குறள் பாதியில் நின்றுபோனது.

அது போதாதென்று கிங்ஸ் சர்க்கிள் மணி சார் நேற்று இங்கே எழுதியிருக்கிறார்: "தாராவிப் பிள்ளைகளுக்கு ழ வராது, ஏனென்றால் அவர்கள் வீட்டில் யாருக்கும் வராது. திருத்தினால் நன்றி சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது."

சார், நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது ழ.

கிங்ஸ் சர்க்கிள் மணி | இரவு 9:10

நான் இரண்டாவது வரிசை. அவள் சொன்னது ள. என் காதில் ஒரு கோளாறும் இல்லை.

விழி என்றால் கண். விளி என்றால் கூப்பிடுவது. கயல் போன்ற கண் என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர், நாக்கு சோம்பல்பட்டால் மீனைக் கூப்பிடுகிற பெயராகிவிடும். வால், வாள், வாழ் மூன்றும் ஒன்றா? ஒலி, ஒளி, ஒழி ஒன்றா? என் பாட்டி பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்தவர், பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. கடைசிவரை அவர் வாயில் வாழைப்பழம் வாழைப்பழமாகத்தான் இருந்தது. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அக்கறைதான் வேண்டும்.

தாமிரபரணி தாராவி | இரவு 9:31

பாட்டியை மதிக்கிறேன். ஆனால் பாலக்காட்டில் ழ நிற்பதற்குக் காரணம் அக்கறை இல்லை சார், அக்கம்பக்கத்து மலையாளம். அவர்கள் நாள் முழுக்கக் கோழிக்கோடு, ஆலப்புழ என்று ழவிலேயே பேசுகிறவர்கள். நெல்லையிலும் மதுரையிலும் ராமநாதபுரத்திலும் பேச்சில் ழ ளவாகத்தான் வரும், யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். இத்தனை பேருக்கும் அக்கறை இல்லையா? என் அம்மா வாளப்பளம் என்றுதான் சொல்லுவாள். தொண்ணூறடி ரோட்டில் தள்ளுவண்டி வைத்திருக்கிற எங்கள் ஊர் அண்ணாச்சியும் அப்படித்தான் கூவுகிறார். ஒரு ஆளாவது வாள் வாங்க வந்து ஏமாந்து போனதாக நான் கேட்டதில்லை.

ஏழு என்பதைக் கன்னடக்காரர் ஏளு என்கிறார், தெலுங்குக்காரர் ஏடு என்கிறார். அவர்களுக்கு எண்ணத் தெரியாது என்று யாராவது சொல்கிறார்களா?

கிங்ஸ் சர்க்கிள் மணி | இரவு 9:38

அப்படியென்றால் அவள் ள சொன்னாள் என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

தாமிரபரணி தாராவி | இரவு 9:40

இல்லை. ழ சொன்னாள். ள சொல்லியிருந்தாலும் தப்பில்லை என்கிறேன். இரண்டும் வேறு வேறு பேச்சு.

செம்பூர் சித்தி | இரவு 10:02

பிள்ளைகளை வரிசையாக மேடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது நான்தான், பக்கத்திலேயே நின்றேன். என் போனில் பதிவும் இருக்கிறது, இங்கேயும் போட்டிருக்கிறேன். பதினேழாவது வினாடியில் பெயர் வருகிறது. ஆறு தடவை போட்டுக் கேட்டேன். எனக்கு ழ மாதிரியும் இருக்கிறது, ள மாதிரியும் இருக்கிறது. சிரித்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் படிப்பது ஆங்கில வழிப் பள்ளியில். பெயரில் ழ வருகிற இடத்தில் இசட் எச் போட்டிருக்கிறார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது டீச்சர் ‘கயல்விஸி’ என்று கூப்பிடுகிறார், அவளும் கையைத் தூக்குகிறாள். அக்கம்பக்கத்து மராட்டிப் பிள்ளைகள் ‘கயல்விளி’ என்கிறார்கள். மராட்டியில் நம் மொழியின் பெயரையே தமிள் என்றுதான் எழுதுகிறார்கள். இந்தியில் தமில். மராட்டிக்காரர்களாவது ள வரைக்கும் வருகிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று விதமாகத் தன் பெயரைக் கேட்கிற பிள்ளை அது.

ராயபுரம் டூ முலுண்ட் | இரவு 10:15

எங்கள் பக்கம் வாயப்பயம், கோயி, கொயந்தை. நாங்கள் யாரும் மைக்கைப் பிடித்து யாரையும் அழவைப்பதில்லை. சித்தி சொன்ன பதினேழாவது வினாடியை நானும் கேட்டேன், எனக்கு ழ தான் கேட்டது.

தாமிரபரணி தாராவி | இரவு 10:19

தம்பி, ஆதரவுக்கு நன்றி. ஆனால் வாயப்பயத்தை இதோடு சேர்க்காதீர்கள். ழவும் ளவும் நாக்கை மடக்கிச் சொல்கிற எழுத்து, ஒரே குடும்பம். ய எங்கே இருக்கிறது, ழ எங்கே இருக்கிறது? நீங்கள் ழவை முழுங்கியே விட்டீர்கள்.

ராயபுரம் டூ முலுண்ட் | இரவு 10:24

அண்ணாச்சி, உங்களுக்காகப் பேச வந்தவனையே அடிக்கிறீர்கள். உங்கள் ள மரபு, எங்கள் ய மட்டும் முழுங்கலா? மணி சார் உங்களைச் சொன்னதையே நீங்கள் என்னைச் சொல்கிறீர்கள். போன தீபாவளியிலும் சென்னைப் பேச்சைப் பேச்சே இல்லை என்று எழுதினீர்கள், மறக்கவில்லை.

தாமிரபரணி தாராவி | இரவு 10:27

எழுதினேன், இப்போதும் அதுதான் என் கருத்து. விஷயத்துக்கு வருவோம்.

கிங்ஸ் சர்க்கிள் மணி | இரவு 10:45

ஒரே குடும்பம் என்கிறார். தொல்காப்பியம் வேறு மாதிரி சொல்கிறது. "நுனிநா அணரி அண்ணம் வருட ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்." ழவுக்கு உறவு ர. லவுக்கும் ளவுக்கும் தனி நூற்பா, அங்கே நாவின் விளிம்பு தடிக்க வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய காதுக்கே அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. சின்ன வயதில் என் அப்பா சர்க்கரையை நாக்கின் நடுவில் வைத்து, அது மேலே ஒட்டாமல் ழ சொல்லு என்பார். ஒரு வாரத்தில் வந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு யாராவது அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் மேடையில் நின்றிருக்க வேண்டாம். வீடு செய்யாததை மேடை செய்தது.

தாமிரபரணி தாராவி | இரவு 11:06

வீட்டை இழுக்காதீர்கள் சார். அவள் அப்பா விடிகாலையில் வேலைக்குக் கிளம்பி ராத்திரி திரும்புகிறவர். குறளைச் சொல்லிக் கொடுத்தது அவள் ஆச்சி. அடுப்படியில் உட்கார்ந்து பத்துக் குறள், ஒரு வரி பிசகாமல். நான் கேட்டிருக்கிறேன்.

தொல்காப்பியம் எனக்கும் தெரியும். அகநானூற்றுக் கல்யாணப் பாட்டில் உழுந்து என்று ழ போட்டிருக்கிறது. இன்றைக்கு மாட்டுங்கா மளிகைக் கடையில் நீங்கள் எதைக் கேட்டு வாங்குகிறீர்கள்? உளுந்து. ள. உங்கள் இட்லிக்குள்ளேயே ழ ளவாகித்தான் இருக்கிறது. பவழம், பவளம் இரண்டையும் அகராதியே ஏற்றுக்கொண்டுவிட்டது. நீங்கள் செய்தால் வழக்கு, நாங்கள் செய்தால் பிழையா? வீட்டில் பேரப்பிள்ளையை எழுப்பும்போது ‘எழுந்திரு’ என்றா சொல்கிறீர்கள்? ‘ஏந்திரு’ என்கிறீர்கள். அங்கே ழ எங்கே போனது?

கிங்ஸ் சர்க்கிள் மணி | இரவு 11:12

வீட்டுப் பேச்சு வேறு, மேடைப் பேச்சு வேறு. மேடையில் நான் எழுந்திருங்கள் என்றுதான் சொல்வேன். அவள் மேடையில் ள சொன்னாள்.

தாமிரபரணி தாராவி | இரவு 11:13

ழ.

கோளிவாடா குமார் | இரவு 11:20

இரண்டு பேரும் மன்னிக்கணும். இந்த இழையில் அந்தப் பெயர் வராவிட்டாலும், மணி சார் மற்ற இடத்தில் ‘கோலிவாடா’ என்றுதான் எழுதுகிறார். அது கோளி. மீன் பிடிக்கிற கோளிகள் இந்த ஊரின் பழங்குடிகள், அவர்கள் வாழ்ந்த பேட்டைதான் கோளிவாடா. மராட்டியில் ள தெளிவாக இருக்கிறது. அதேபோல வரளி, பரள், களவா. நாம் வொர்லி, பரேல், கல்வா என்று ஆங்கிலப் பலகையைப் பார்த்துப் படிக்கிறோம். சயான் என்கிறோம், அதற்கு மராட்டியில் சீவ் என்று பெயர். நான் இங்கே பிறந்தவன். கூட வேலை செய்கிற கோளி நண்பன் ஒருநாள் கேட்டான்: "உங்கள் பாஷையில் ள இருக்கிறதே, என் ஜாதிப் பெயரில் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?" எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து கோளிவாடா என்றுதான் சொல்கிறேன்.

தாமிரபரணி தாராவி | இரவு 11:26

குமார் தம்பி, நெற்றிப்பொட்டில் அடித்த மாதிரி சொல்லிவிட்டீர்கள். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருந்துகொண்டு பக்கத்துப் பேட்டைக்காரர் பெயரில் உள்ள ளவைச் சொல்லத் தெரியாதவர், பதினோரு வயதுப் பிள்ளைக்கு அவள் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறார். இனி மணி சார் முதலில் கோளிவாடாவை மூன்று தடவை சொல்லட்டும். நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறோம்.

கிங்ஸ் சர்க்கிள் மணி | இரவு 11:34

கோளிவாடா. கோளிவாடா. கோளிவாடா. எழுதிவிட்டேன், போதுமா? ஊர்ப் பெயரை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொல்வார்கள். ஆள் பெயர் அப்படி இல்லை. அதற்குப் பொருள் இருக்கிறது.

குமாருக்குச் சொல்கிறேன், இதே அக்கறையை நீங்கள் தமிழுக்கும் காட்டலாம். நேற்று உங்கள் பதிவில் ஐந்து இடத்தில் ஒற்று விட்டிருக்கிறீர்கள்.

கோளிவாடா குமார் | இரவு 11:37

நான் படித்தது மராட்டி வழியில். தமிழை நாற்பது வயதுக்கு மேல் நானே எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டேன். ஒற்று விடும். எழுதுவதை விடமாட்டேன்.

செம்பூர் சித்தி | இரவு 11:41

ஒரு விஷயத்தை யாருமே சொல்லவில்லை. பதிவில் அவள் ‘எழுத்தெல்லாம்’ என்று சொல்கிற இடம் இருக்கிறது, முப்பத்தொன்பதாவது வினாடி. அங்கே ழ அவ்வளவு சுத்தமாக விழுகிறது. ழ வராத பிள்ளை இல்லை அவள்.

கிங்ஸ் சர்க்கிள் மணி | இரவு 11:44

அது மூன்று தடவை திருத்திய பிறகு. திருத்தினதால் வந்தது. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

தாமிரபரணி தாராவி | இரவு 11:58

பயத்தில் வந்தது அது. அவள் குரல் அங்கே எப்படி நடுங்குகிறது என்று கேளுங்கள்.

மணி சார், மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எங்கள் பேட்டைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்த உங்கள் பக்கத்து மண்டபத்தில் ஒரு அறை கேட்டோம். பாய் நாங்கள் கொண்டுவருகிறோம், விளக்குக் காசு தருகிறோம் என்றோம். "செருப்புக் கூட்டம் சேரும், சத்தம் வரும்" என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவர் நீங்கள். அறை கிடைக்கவில்லை. ழ சொல்லிக் கொடுக்க இடம் தராதவருக்கு, ழ வரவில்லை என்று சொல்ல என்ன உரிமை?

கிங்ஸ் சர்க்கிள் மணி | நள்ளிரவு 12:09

அது வேறு விவகாரம். அன்று ஐந்து பேர் எதிர்த்தார்கள், என் பெயரை மட்டும் ஒரு வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். முதல் தடவை, யாரும் திருத்துவதற்கு முன்னால், பதினேழாவது வினாடியில் அவள் சொன்னது ள. அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தாமிரபரணி தாராவி | நள்ளிரவு 12:11

பத்துத் தடவை சொல்லிவிட்டேன். ழ.

ராயபுரம் டூ முலுண்ட் | நள்ளிரவு 12:14

முதலில் எனக்குப் பதில் வரட்டும். வாயப்பயம் மரபா, முழுங்கலா?

தாமிரபரணி தாராவி | நள்ளிரவு 12:15

முழுங்கல்.

கிங்ஸ் சர்க்கிள் மணி | நள்ளிரவு 12:20

ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன், இடத்தை நீங்களே சொல்லுங்கள். சித்தி பதிவைக் கொண்டுவரட்டும். அந்தப் பிள்ளையையும் கூட்டி வாருங்கள், எல்லார் முன்னாலும் ஒரு தடவை சொல்லட்டும், தெரிந்துவிடும்.

தாமிரபரணி தாராவி | நள்ளிரவு 12:26

சயான் ஸ்டேஷன் வெளியே, டீக்கடை. ஹெட்போன் நான் கொண்டுவருகிறேன். பதிவு மட்டும்தான் வரும். அந்தப் பிள்ளை வரமாட்டாள். அவள் பெயரை இனி ஒரு கூட்டத்தின் முன்னால் நின்று யாருக்கும் சொல்லிக் காட்ட நான் விடமாட்டேன்.

கிங்ஸ் சர்க்கிள் மணி | நள்ளிரவு 12:28

பதிவே போதும். ள.